கல்லுப்பூச்சிக்காக ஐந்து நிரை

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை. ஓமான் நாட்டில் ஜபல் ஷம்ஸ் என்று ஒரு மலை இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து காரில் நாலு மணி நேரம். கல்ஃப் என்றாலே மணலும் வெயிலும்தான் என்று நினைக்கிறவர்கள் அங்கே ஒரு விடியற்காலை நின்று பார்க்க வேண்டும். பல் கிட்டிவிடும். வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். குளிர் எனக்குப் புதிது இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நான் எப்படி அந்த மலைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் கணக்கு முடித்து வந்த பிறகு, தெரிந்தவர்கள் மூலமாக மஸ்கட்டில் ரூவி என்ற இடத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்குச் சமையலுக்குப் போனேன். டாக்டர் ஐயாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் படித்துவிட்டு வேறு தேசம் போய்விட்டார்கள். நான் அவர்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் இரண்டு பேருமே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குறை சொல்ல முடியாத மனிதர்கள்.

ஐயாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வண்ணத்துப்பூச்சி. வெள்ளிக்கிழமை லீவு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். கூடவே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், அங்கே காலேஜில் வாத்தியார். புரொஃபசர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மலைகளில் இருக்கிற பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் நானும் சாப்பாட்டுக் கூடையோடு பின் சீட்டில் போவோம். எனக்கும் அது பிடித்திருந்தது. ஃபிளாட்டுக்குள் எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

மார்ச்சில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அதற்கு முந்தின அக்டோபரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் ஆரம்பம்.

அதே மலை. நல்ல உச்சி வெயில். ஒரு பெரிய பாறை குடை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் அடியில் தண்ணீர் கசிந்து ஈரமாக இருந்தது. நிழலாக இருக்கிறதே என்று அங்கே உட்கார்ந்து புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்தேன். எனக்கு முன்னால் பாறையிலிருந்து ஒரு சில்லு எழுந்து பறந்தது. ஆமாம், சில்லு மாதிரிதான் இருந்தது. எழுந்த பிறகுதான் அதற்கு இறக்கை இருப்பது தெரிந்தது. கரும்பழுப்பு. ஓரத்தில் மட்டும் பழுப்புச் சேலைக்கு வெள்ளைக் கரை போட்ட மாதிரி ஒரு பட்டை. பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. இறக்கையை மூடியது. அவ்வளவுதான், மறுபடியும் கல்.

நான் அப்போது ஒரு தப்பு செய்தேன். "ஐயா, இங்க வாங்க, இங்க வாங்க" என்று கத்திக்கொண்டே எழுந்து அதன் பக்கம் ஓடினேன். என் நிழல் அதன் மேல் விழுந்தது. விருட்டென்று கிளம்பி பாறைக்கு மேலே ஏறிப் போய்விட்டது. ஐயாவும் புரொஃபசரும் மூச்சு வாங்க வந்தபோது நான் காட்டிய இடத்தில் காட்டு ஒலிவ மரத்தின் காய்ந்த இலை ஒன்று கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

புரொஃபசர் குனிந்து அதை எடுத்தார். "ஏனுங்கம்மா, இதுங்களா?"

"எலை இல்லீங்க. பறந்துச்சு. ஓரத்துல வெள்ளையா இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. மரியாதையான மனுஷர். பொறுமையாகச் சொன்னார். "நீங்க சொல்ற அடையாளத்துல ஒரு பூச்சி இருக்குதுங்க. அதோட சொந்தக்காரங்க எல்லாம் வடக்க பனி மலையில இருக்கிறவங்க. கல்லோட கல்லா உக்காந்துரும். இந்த நாட்டுல வேற மலையில பாத்திருக்காங்க. ஆனா இந்தச் சரிவுல நாங்க நாலு வருசமா தேடறோமுங்க. இல்லீங்க. காத்துல எலை பறந்திருக்கும்."

ஐயா என் தோளைத் தட்டினார். "யக்கா, இப்பதான கண்ணுல பொரை எடுத்திருக்கு. வெயில்ல அப்படித்தான் தெரியும். விடுங்க."

அந்த ஆகஸ்டில்தான் இடது கண்ணில் எனக்குப் புரை எடுத்திருந்தார்கள். எடுத்த பிறகு பார்வை முன்னைவிடத் தெளிவு. அதைச் சொன்னால் யார் கேட்பது?

அந்தப் பூச்சிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார்கள். என் வாயில் நுழையவில்லை. கல்லுப்பூச்சி என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். அப்படிப் பெயர் வைத்தது எனக்கே வினையாகப் போனது.

சாவி டி.வி. பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால், "நெசமாவே சாவியா அக்கா, இல்ல கல்லுப்பூச்சியா?" என்பார் ஐயா. ரசத்துக்கு உப்புப் போட்டுவிட்டேன் என்றால், "கல்லுப்பூச்சி உப்பா, கல்லு உப்பா?" வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பிரியத்தில் சொல்வதுதான், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று சொல்கிறேன். எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குள் பச்சை விரியன் இருக்கும். இலையோடு இலையாகக் கிடக்கும். நான் "பாம்பு" என்று ஒரு சொல் சொன்னால் நாற்பது பேர் கையை எடுத்துவிட்டு நின்ற இடத்தில் நிற்பார்கள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருத்திகூட "இலையா இருக்கும்" என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லை நம்பி எத்தனையோ பேர் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட என் வாயிலிருந்து வருவதை இங்கே வேடிக்கையாக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் சாயங்காலம் புரொஃபசர் வீட்டுக்கு வந்திருந்தார். ஐயாவுக்கு மார்ச் மாதத்தோடு ரிடையர்மென்ட். நாங்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிறோம். புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். நான் டீ கொண்டு போனபோது புரொஃபசர் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டே, "அப்ப அந்த வெள்ளைக் கரைப் பூச்சிய 'இந்த மலையில் இல்லை'ன்னு போட்டரலாமுங்களா டாக்டர்?" என்று கேட்டார். ஐயா தலையாட்டினார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. தட்டைக் கீழே வைத்தேன்.

"ஐயா, அதுல அப்படி எழுதாதீங்க. நான் பாத்தேன்."

"யக்கா, இது புஸ்தகம். வெளையாட்டு இல்ல."

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லல. நான் பொய் சொல்லுதேனா, இல்ல எங்கண்ணு பொய் சொல்லுதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பொய்தான்னு சொல்லிட்டா நான் வாயை மூடிக்கிடுதேன்."

டாக்டரம்மாதான் சோபாவிலிருந்து எழுந்து வந்தார்கள். "ஏங்க, கெளம்பறதுக்குள்ள ஒரு தடவ மலைக்குப் போகணும்னு நீங்கதான சொன்னீங்க? போவோம். அக்கா சொன்ன எடத்துலயே தேடுங்க. கெடைக்கலன்னா எழுதிட்டுப் போங்க. எட்டு வருசமா சோறு போட்ட கை, ஒரு தடவ கேக்குது."

புரொஃபசர் பேனாவை மூடினார். "சரிங்க. ஒரே ஒரு நாளுங்க. மறுநா காலையில டைப்படிக்கக் குடுத்தாகணும்."

இப்படித்தான் அந்த மார்ச் மாதப் பயணம் அமைந்தது. கிடைத்தால் என் சொல் நிற்கும். கிடைக்காவிட்டால் "இல்லை" என்று அச்சில் ஏறிவிடும். நானும் இல்லாததைப் பார்த்தவள் என்ற பெயரோடு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலமே போய்ச் சேர்ந்தோம். மேலே ஓமானிப் பெரியவர் ஒருவர் வருகிறவர்களுக்கு இரண்டு ரூம் வாடகைக்கு விடுவார். எப்போதும் அவரிடம்தான் தங்குவோம். நீள அங்கி, தலையில் பூ வேலை செய்த குல்லா, கையில் ஒரு கம்பு. ஆடும் வைத்திருந்தார். அவருக்கு அரபியும் அரைகுறை இந்தியும் தெரியும். எனக்கு அரைகுறை இந்தி மட்டும் தெரியும். அது போதும், எங்களுக்குள் நல்ல பழக்கம். என்னை மம்மா என்பார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது புரொஃபசர், "காலையில பத்து மணிக்கு மேல போலாமுங்க. வெயில் வந்தாத்தான் பூச்சி பறக்கும்" என்றார்.

நான் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னேன். "பறக்கும்போது எதுக்குத் தேடணும்? பறந்தா நாம அதப் பிடிக்கவா போறோம்? உக்காந்திருக்கும்போது தேடணும். குளிர்ல பாம்பே வெறைச்சுக் கெடக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள போனா அது நகராது. நாம நெருங்கிப் பாக்கலாம்."

"உக்காந்திருந்தா கண்ணுக்கே தெரியாதுங்களே அம்மா. கல்லுல கல்லு."

"தெரியும். நெரை போட்டுத் தேடினா தெரியும்."

நிரை என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் நிரை. என் நிரையை நான்தான் எடுக்க வேண்டும். பக்கத்து நிரையில் எவ்வளவு நல்ல கொழுந்து நின்றாலும் கை போகக் கூடாது. ஒரு செடியை விட்டுவிட்டு அடுத்த செடிக்குத் தாவக் கூடாது. இந்தப் படித்தவர்கள் தேடுவதை நான் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஏதோ அசைந்தால் இங்கே ஓடுவார்கள். அங்கே நிழல் ஆடினால் அங்கே ஓடுவார்கள். சாயங்காலம் கேட்டால் மலை முழுவதும் பார்த்தாகிவிட்டது என்பார்கள். ஆனால் ஒரு முழம் இடத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐயாவுக்கு இது பிடித்துவிட்டது. "சரி, நாளைக்கு யக்காதான் கங்காணி. என்ன சொல்லுதாங்களோ அதக் கேப்போம்."

"கேலி பண்ணுதீங்களா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

காலை ஆறரை மணி. வானம் வெளுத்துவிட்டது, பாறை மேல் இன்னும் வெயில் விழவில்லை. வாயைத் திறந்தால் புகை வந்தது. அக்டோபரில் நான் உட்கார்ந்த அந்தக் குடைப் பாறையும் அதன் இரண்டு பக்கச் சரிவும் நமக்குப் போதும் என்று முடிவு செய்தேன். ஓமானிப் பெரியவரும் வேடிக்கை பார்க்க வந்தார். சும்மா நிற்பானேன் என்று அவரையும் சேர்த்துக்கொண்டேன். மொத்தம் ஐந்து பேர், ஐந்து நிரை. அவருடைய கம்பை வாங்கி மண்ணில் கோடு இழுத்து ஆளாளுக்குக் காட்டினேன். வலது ஓரம் ஐயா. அடுத்தது அம்மா. நடுவில் நான். எனக்கு இடது பக்கம், தண்ணீர் கசிகிற பக்கம், புரொஃபசர். கடைசி ஓரம் பெரியவர்.

"ரெண்டே விதி" என்றேன். "ஒண்ணு, சொந்த நெரைய விட்டு யாரும் தாண்டக் கூடாது. பக்கத்து நெரையில தங்கமே கெடந்தாலும் சரி. ரெண்டு, கைய வைக்கறதுக்கு முன்னால அந்த எடத்துல கண்ண வைக்கணும். கால வைக்கறதுக்கு முன்னாலயும் கண்ண வைக்கணும். கத்தக் கூடாது. பாத்தா கையத் தூக்கணும், அவ்வளவுதான்."

கத்தக் கூடாது என்று சொன்னபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அக்டோபரில் கத்தியது யார்?

புரொஃபசர் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "பேசலாமுங்களா கங்காணியம்மா?"

"மெல்லப் பேசலாம். பாட்டு வேணும்னாலும் பாடலாம். கண்ணு மட்டும் கல்லுல இருக்கணும்."

ஆரம்பித்தோம். ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு பிளவாக. நான் பாடவெல்லாம் இல்லை. பெரியவர் மட்டும் என் சொல் புரிந்தும் புரியாமலும் ஒவ்வொரு கல்லையும் குனிந்து பார்த்து, "மாஃபி" என்று அறிக்கை கொடுத்துக்கொண்டே வந்தார். மாஃபி என்றால் இல்லை. அடுத்த கல்லுக்கும் மாஃபி. அதற்கு அடுத்ததற்கும் மாஃபி.

"யக்கா, அந்த மாஃபியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. மனசு விட்டுப்போகுது" என்றார்கள் அம்மா.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் நிரையில், என் முழங்கால் உயரத்தில், பழுப்பாக ஒன்று பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தில் லேசாக வெள்ளை. கையைத் தூக்கினேன். நாலு பேரும் அப்படியே நின்றார்கள். ஐயா பூனை மாதிரி நடந்து வந்து கேமராவை நீட்டினார். கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேமராவை மெல்ல இறக்கினார்.

"யக்கா..." என்று மட்டும் சொன்னார்.

நான் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். காய்ந்த இலை. காட்டு ஒலிவ இலை. ஓரத்தில் இருந்த வெள்ளை, பனி உறைந்த வெள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "எலைதான்" என்று நானே சத்தமாகச் சொன்னேன். "இது எலை. அன்னைக்குப் பாத்தது எலை இல்ல. அவரவர் நெரைக்குப் போங்க." குரல் கட்டளை மாதிரிதான் வந்தது. ஆனால் அன்றைக்கும் இப்படித்தான் ஏமாந்திருப்பேனோ என்று முதல் தடவையாக எனக்கே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஐந்து மாதமாக மற்றவர்கள் சொன்னபோது வராத சந்தேகம்.

அம்மா என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் உக்காருங்கக்கா, டீ குடிப்போம்" என்றார்கள்.

"நெரை முடியட்டும்மா. பாதியில உக்காந்தா விட்ட எடம் மறந்துபோகும்."

இதற்குள் எதிர்மலையின் தலையில் வெயில் விழ ஆரம்பித்துவிட்டது. அது இறங்கி இறங்கி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வெயில் பாறையைத் தொட்டுச் சூடாக்கிவிட்டால் பூச்சி இருந்தாலும் பறந்துவிடும். ஐயா தன் நிரையை முடித்துவிட்டார். ஒன்றும் இல்லை. அம்மாவும் முடித்துவிட்டார்கள். நானும் முடித்தேன். பெரியவர் கடைசியாக ஒரு மாஃபி சொல்லிவிட்டு, "கலாஸ், மம்மா" என்று கம்பைத் தோளில் போட்டுக்கொண்டார். கலாஸ் என்றால் முடிந்தது. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

புரொஃபசர் மட்டும் முடிக்கவில்லை.

அவர் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார். நம்பிக்கை இல்லாத வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்கிற மனுஷரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தண்ணீர் கசிகிற இடத்தில் பாசி வழுக்கியது. ஏறுவதற்கு ஒரு பிடி வேண்டும் என்று பாறையின் விளிம்பில் கையை வைக்கப் போனார். வைக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. கண்ணை வை என்று நான் சொன்ன விதி ஞாபகம் வந்ததாம், பிறகு சொன்னார். குனிந்து பார்த்தார். பார்த்தவர் கையை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

பிறகு மற்றக் கையை, மெல்ல, தலைக்கு மேலே தூக்கினார்.

ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. என் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். ஐயா கேமராவோடு வந்தார். புரொஃபசரின் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். எனக்கே உடனே தெரியவில்லை. அவர் உதட்டை அசைக்காமல், "விரலுக்கு நேரா, ஒரு சாண் மேலீங்க" என்றார். அப்போது தெரிந்தது. மூடின இறக்கை. சாம்பலும் பழுப்பும் கறுப்புமாக அந்தப் பாறையைக் கிள்ளி எடுத்துச் செய்த மாதிரி. குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கொம்பு மீசை மட்டும் லேசாக அசைந்தது.

"ஏனுங்க டாக்டர்" என்றார் புரொஃபசர். "அதேதானுங்க. இது அதேதானுங்க."

ஐயா படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா பின்னால் நின்று கேமராவின் திரையை எட்டிப் பார்த்து, "எங்கங்க பூச்சி? வெறுங்கல்லப் படம் பிடிச்சு வச்சிருக்கீங்க" என்றார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் சிரிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினோம். பெரியவர் தன் நிரையை விட்டுத் தாண்டலாமா என்று என்னைச் சைகையில் கேட்டார். தாண்டலாம் என்று தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வெயில் வந்து பாறையைத் தொட்டது. நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அந்தப் பூச்சி இறக்கையை விரிக்காமல், மூடினது மூடினபடி, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரையில் சாய்த்து வைத்த தோணி மாதிரி. பக்கவாட்டில் முழு இறக்கையும் வெயிலைப் பார்க்கப் படுத்துக் குளிர் காய்ந்தது. அப்படிச் சாய்ந்ததில் அதன் நிழலும் இறக்கைக்கு அடியிலேயே அடங்கிப்போனது. அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்பதற்கு நிழல்கூடச் சாட்சி இல்லை. நாலு வருஷம் இவர்கள் கண்ணில் படாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

ஐந்து நிமிஷம் இருக்கும். எழுந்தது. ஒரு தடவை இறக்கையை விரித்தது. கரும்பழுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கரை. ஐந்து பேரும் பார்த்தோம். ஐயாவின் கேமரா படபடவென்று அடித்தது. பறந்து குடைப் பாறைக்கு மேலே போய் மறைந்தது.

அதற்குப் பிறகு யாரும் மெல்லப் பேசவில்லை. ஐயா சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். பெரியவர் என்னிடம் வந்து, "மம்மா, மாஃபி மாஃபி!" என்றார். இல்லை என்பது இல்லை என்று சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

புரொஃபசர் என் பக்கத்தில் வந்து கீழே, மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கல்லில், அவர் மண்ணில். எழுந்திரிங்க என்றேன். எழுந்திரிக்கவில்லை.

"தப்பு என்மேலீங்கம்மா" என்றார். "அன்னைக்கு எலைய எடுத்து உங்க முன்னால நீட்டினேன் பாருங்க. அந்த எலையக் கீழ போட்டுட்டு, பாறையப் பாத்திருக்கணும்."

"நானும் ஓடியிருக்கக் கூடாது. கத்தியிருக்கக் கூடாது" என்றேன். அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

ஐயா வந்தார். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "இனிமே நம்ம வீட்ல யக்கா உப்புப் போட்டேன்னு சொன்னா, நான் ருசி பாக்காமலே சாப்பிடுவேன்."

"ருசி பாத்தே சாப்பிடுங்க. நேத்துச் சட்னியில நெசமாவே உப்பு மறந்துட்டேன்" என்றேன். அதற்குச் சிரித்த சிரிப்பு எதிர்மலையில் போய் மோதித் திரும்பி வந்தது.

டீ குடித்தோம். ஃபிளாஸ்க்கில் கொண்டு போனது, ஆறிக் கிடந்தது, யாரும் குறை சொல்லவில்லை. புரொஃபசர் பையிலிருந்து அந்தப் பேப்பர்க் கட்டை எடுத்தார். 'இல்லை' என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். கோடு தாள் கிழிகிற மாதிரி விழுந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"இந்த எடத்துல மொதல்ல பாத்தவங்க பேரு எழுதணுமுங்க. உங்க பேரச் சொல்லுங்க."

"இன்னைக்குப் பாத்தது நீங்கதானே?"

"இன்னைக்குப் பாத்தது நானுங்க. மொதல்ல பாத்தது நீங்க. போன அக்டோபர்ல. நான் பாக்கறதுக்கு அஞ்சு மாசம் முன்னால பாத்துட்டீங்க."

அவர் நினைத்திருந்தால் தன் பெயரையே போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட. என் வார்த்தை நின்றுவிட்டது, அது போதும் என்றுதான் நான் இருந்தேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு ஒரு வீம்பு வந்தது.

"பேனாவக் குடுங்க. நானே எழுதுதேன்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த அனுபவத்தை எழுதி முடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அன்றைக்குக் குளிரில் விரல் வேறு மடங்கவில்லை. என் பெயரில் ஏழு எழுத்து. ஒவ்வொன்றாக எழுதினேன். அப்பா பெயரின் முதல் எழுத்தையும் போட்டேன். டாக்டர், அவர் மனைவி, புரொஃபசர், ஓமானிப் பெரியவர், நாலு பேரும் அது முடிகிறவரை நின்றுகொண்டிருந்தார்கள். நானும் அவசரப்படவில்லை.

அந்த மாதக் கடைசியில் எல்லோரும் ஊருக்கு வந்துவிட்டோம். ஏழெட்டு மாதம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். கல்லுப்பூச்சி இருக்கிற பக்கத்தில் மட்டும் என் கையெழுத்தை அப்படியே படமாக எடுத்துப் போட்டிருந்தார்கள், கோணல் மாணலாகத் தமிழில். அது என்ன எழுத்து என்று கேட்டு யாராவது அந்தப் பக்கத்தில் நின்றால் எனக்கு அதுவே போதும்.

படித்தவர்கள் முன்னால் நிற்கும்போது நம்மைப் போன்றவர்களுக்குக் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. பார்த்ததைக்கூட "பார்த்த மாதிரி இருந்தது" என்று சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேனே, அந்த ஒரு நிமிஷம் என் குரல் இறங்கியிருந்தால், அந்த மலையில் உயிரோடு இருக்கிற ஒன்றை இல்லை என்று அச்சடித்து உலகத்துக்கே கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான் கண்ணால் கண்டதை யார் முன்னாலும் குரலை இறக்கிச் சொன்னதே இல்லை.